கட்டைவிரல் கட்டு

ரெங்கம் எஸ்டேட்
கார்த்திகை 9, வியாழன் இரவு

படுத்தால் போதும், காலுக்குள் எறும்பு ஊரும். பிறகு கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் கொடுத்த தைலமும் கேட்கவில்லை. நான் உதறுகிற உதறலில் பக்கத்தில் படுக்கும் என் மனைவி மரகதத்துக்கும் தூக்கம் இல்லை. நேற்று பொறுக்க முடியாமல், பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். அசையாமல் தூங்கினேன்.

விடியற்காலையில் மரகதம் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். லயத்து வரிசை வீடுகளிலிருந்து தொழிலாளர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"பொணத்துக்குக் கட்டுறத உசுரோட யாராச்சும் கட்டிக்குவாங்களா?" என்று அழுதுகொண்டே அவிழ்த்தாள்.

எஸ்டேட்டில் சாவுக் காரியமெல்லாம் பார்க்கும் முனியன் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான். "அத வீட்ல அவுக்கக் கூடாதுங்க, கிராணி ஐயா. சுடுகாட்டுலதான் அவுக்கணும்."

ஆபீஸில் கணக்கு எழுதுகிற என்னிடமா இந்தக் கதை என்று அவனைத் திட்டி அனுப்பினேன்.

இன்று கட்டவில்லை. படுத்து வெகுநேரம் ஆகிறது. எறும்பு ஊரவில்லை, சதையும் இழுக்கவில்லை. இதை எழுதும்போது மரகதம் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காலில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எண்ணெயில் ஆவி பறக்கிறது. அவள் விரல்நுனியெல்லாம் சிவந்திருக்கிறது.

"சூடு பொறுக்குதாங்க?" என்று கேட்டாள்.

பொறுக்கிறது என்றேன். எனக்குச் சூடே தெரியவில்லை. அவள் கை படுவதும் தெரியவில்லை. இப்போது பேனாவைப் பிடித்திருக்கும் விரல்களும்