இந்த வருடம் நம் வீட்டில் விரதம் இல்லை

அன்பு மகன் லோகேசுக்கு,

கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உன் தங்கை நலமாகிக்கொண்டு வருகிறாள், பெர்த்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவேண்டும். சாப்பாட்டை ஒரு வழக்கத்துக்காக எழுதவில்லை, நம் வீட்டில் இப்போது அதுதான் எல்லாம்.

போன தைப்பூசத்துக்குச் சுபா நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தாளே, அதைக் கோயில் கமிட்டி முழுக்கச் சொல்லிப் பெருமையடித்த முட்டாள் நான்தான். பூசம் முடிந்து மூன்று மாதமாகியும் அவள் விரதம் முடியவில்லை, அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை, பக்தி முற்றிவிட்டது என்று பூரித்துப்போனோம். பிரிக்பீல்ட்ஸில் வகுப்புக்குப் போகிற வழியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் அதற்கு ஈட்டிங் டிஸ்ஆர்டர், சாப்பிடவிடாமல் தடுக்கும் நோய் என்று பெயர் சொன்னார்கள். யார் மேல தப்புன்னு தேட வேணாம் அங்கிள், இப்போதைக்குச் சாப்பாடுதான் மருந்து, நீங்களும் ஆன்டியும் பரிமாறி அவ முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காரணும் என்றார் டாக்டர் புனிதா. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று முறை பலகாரம், கூடவே நாங்களும். சிகிச்சை அவளுக்கு, பேன்ட் பத்தாமல் போனது எனக்கு. இதை வீட்டில் சொல்ல முடியாது, உடம்பைப் பற்றிய பேச்சே கூடாதாம். முப்பது வருடமாக என் ஜோக்கெல்லாம் என் தொப்பையைப் பற்றித்தான், இப்போது வாய்க்கு வேலையில்லை.

போன ஞாயிறு சாலாக் செலாத்தானிலிருந்து பவுனம்மாள் அத்தை வந்தாள். பாசமாகத்தான், இப்பத்தான்டி உன் கன்னத்துல சதை வெச்சிருக்கு லா என்றாள். சுபா தட்டைத் தள்ளிவிட்டாள். நான் அக்காவை ஹாலில் உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்று அதட்டினேன். ஐம்பத்தாறு வயதில் அதுதான் முதல்முறை. சோறு ஆறியது, அம்மா சூடாக்கினாள், மறுபடி ஆறியது. உங்களுக்கெல்லாம் என்னைப் பிடிக்கல என்று சுபா அழுதாள். உன்னைப் பிடிச்சிருக்கிற அந்த நோயைத்தாம்மா பிடிக்கல, நாங்க எங்கேயும் எழுந்து போகப்போறதில்ல என்றேன். ஒன்றேகால் மணி நேரம். முடித்தாள்.

இப்போது வருகிற பூசத்துக்கும் விரதம் இருக்கிறேன் என்கிறாள். முடியாது என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம், கல்யாணமாகி நாங்கள் ஒரே குரலில் சொன்ன இரண்டாவது விஷயம் இது. கோயிலுக்கும் போய், இந்த வருடம் எங்கள் வீட்டில் யாருக்கும் விரதமில்லை, கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்களிடம் நடக்காததால் உன்னிடம் வருவாள். நீ இளகிய ஆள், போன வருடம் நீதான் நம்ம வீட்டுச் சாமி என்று அவளுக்கு மெசேஜ் போட்டவன். அண்ணனே சரின்னுட்டான் என்று அவள் வந்து நின்றால் இத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் வீண்.

தினம் இரவு ஏழரைக்கு வீடியோவில் வா, உனக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தான், சாக்குச் சொல்லாதே. உன் தட்டோடு உட்கார், அவள் தட்டைப் பார்க்காதே, உன் முதலாளியின் கிறுக்குத்தனங்களைச் சொல், அவள் சிரிக்கிறாள். புதன் மூன்று மணிக்கு டாக்டர் உன்னோடும் பேசவேண்டுமாம், மறந்துவிடாதே.

எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. விரதத்தைப் பற்றி அவள் கேட்டால் நீளமாக விளக்கம் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். வேணாம்மா, வா சாப்பிடுவோம் என்று சொல். அழுதால், திரும்பவும் அதையே சொல்.

உன் அப்பா,
தியாகராஜன்