கணினிக்குள் தம்பியின் குரல்

மார்ச் 3, திங்கள்
தம்பியின் கணினி இன்று காலை நின்றுவிட்டது. திறந்தால் கருகல் வாசனை. மதர்போர்டு போய்விட்டது. பதினைந்து வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன், இதைத் திறக்கும்போது மட்டும் திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைத்தேன்.

தசை நோய் முற்றி, மூச்சுவிடத் தொண்டையில் துளை போடும் முன் அவன் பேசிப் பதிந்த முந்நூறு வாக்கியங்கள் இதில் இருக்கின்றன. திரையில் அவை ஒவ்வொன்றாக வரும்; வேண்டியது வந்ததும் அசைகிற ஒரே விரலால் பொத்தானை அழுத்துவான். அவன் குரல் பேசும். அந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். செய்த நிறுவனமே இன்று இல்லை. குரலைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

ஹார்டு டிஸ்க் பிழைத்திருக்கிறது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

மார்ச் 5
புதுக் கணினியில் டிஸ்க்கை மாட்டினேன். விண்டோஸ் திறக்காமல் பிழை காட்டும் நீலத் திரை. மறுபடியும் நீலத் திரை.

என் கடைக்கு அம்மா ஃபோன் செய்தாள். "தண்ணியான்னு கேட்டேன், வலியான்னு கேட்டேன். ஆமான்னு கண்ணை மூடவே மாட்டேங்கறான். வேற என்னதான் வேணும்னு தெரியலையேடி."

மார்ச் 8
டிஸ்க்கைப் பழைய முறையில் படிக்கும்படி மாற்றினேன் — திறந்துகொண்டது! ஆனால் கீபோர்டு, மவுஸ் எதுவும் அசையவில்லை. இந்தப் புது வகை யூஎஸ்பி வருவதற்கு முன்பே எழுதப்பட்ட விண்டோஸ். அதற்கு இவை யாரோ எவரோ.

கடைக்கு வந்த ஒருவர், "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன், இப்பத்தான் எல்லாமே பேசுதே" என்றார்.

பேசும். எவனோ பேசுவான்.

மார்ச் 9
ஒன்றும் நடக்கவில்லை. தம்பியின் அறையை எட்டிப் பார்த்ததோடு சரி. உள்ளே போக முகமில்லை.

மார்ச் 13
பழைய சாமான் கடையில் பழைய யூஎஸ்பி கார்டு கிடைத்தது. கீபோர்டு வேலை செய்கிறது. ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் இல்லை.

மார்ச் 15
வெளியிலிருந்து சொருகும் சின்ன சவுண்டு கார்டு ஒன்றைச் சொருகிப் பார்த்தேன். "அம்மா, ஃபேனைக் குறை." தம்பி! கடையிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பொத்தானை அவன் விரலடியில் வைத்தேன். அசையவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அழுத்துடா, எங்க, ஒரு தடவை...

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்தே விரல் அசையலைடி," என்றாள் அம்மா. "நீ இதோட அல்லாடிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"

பன்னிரண்டு நாள். ஒரு தடவையாவது அவன் கையைப் பிடிச்சுப் பாத்தேனா நான்?

மார்ச் 16
வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுகிறேன். வேண்டியது வந்தால் கண்ணை மூடித் திறக்கிறான், நான் அழுத்துகிறேன்.

இன்று நெடுநேரம் எதற்கும் மூடவில்லை. இருநூறைத் தாண்டிய பிறகுதான் மூடினான். அழுத்தினேன்.

"அக்கா, பேசாம கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு."

கணினியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.