சின்னியக்காவின் தோடு

மாசி 14, திங்கள்

சின்னியக்காவின் படம் இன்று கிடைத்தது. காது இருக்கிறது, தோடு இல்லை. படக்காரர் அதைக் கண்ணாடித் தகட்டில் சுரண்டி அழித்துவிட்டார்.

அவ என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய். போன வருசம் தோடு போட்டுக் கலியாண வீட்டுக்குப் போனா. அவர்கள் சாதிக்கு நகை ஆகாதென்று எங்கள் ஆட்கள் அவவின் வீட்டைக் கொளுத்தினார்கள். மூத்த மகன் மலாயாவிலிருந்து புதுத் தோடு அனுப்பினான். அதைப் போட்டபடி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பவேண்டும் என்பதுதான் ஆசை. மானிப்பாய்ப் படக்கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். உறையில் எழுதப் படக்காரர் ஊரும் பேரும் கேட்டார். பரீட்சையில் விடை சொல்வதுபோல் எல்லாம் சொன்னேன். பேரைக் கேட்டதுமே அவருக்குச் சாதி விளங்கிவிட்டது. என் மூளையை என்னவென்று சொல்ல.

"தங்கச்சி, உந்தப் படத்தை உங்கடை ஆக்கள் கண்டால் என்ரை கடைக்கும் நெருப்பு வைப்பினம். உங்களுக்கு விளங்கும்தானே?" என்று, படத்தை வாங்கத் தனியே போன என்னிடம் இன்று நியாயம் சொன்னார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்னியக்கா படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தா. அழவில்லை.

"இதை அனுப்பேலாது ரீச்சர். தோட்டை வித்துத் திண்டிட்டன் எண்டு பெடியன் நினைப்பான். பட்டினத்திலை வேறை கடை இருக்குத்தானே. இந்தமுறை நீங்கள் கதையாதேங்கோ, பேரை நான் சொல்லுறன்."

"என்ன பேர் சொல்லுவியள்?"

"என்ரை பேரைத்தான்."

படக்காரருக்கு நான் ஓமென்று தலையாட்டிவிட்டு வந்ததை அவவிடம் சொல்லவில்லை. பி.ஏ. படித்த தலை.