இஃப் போட்டுச் சொன்ன வார்த்தை

கிணத்துக்கடவு,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. அத்தை நலமாக இருக்கிறார்கள். இந்த வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு மேலே போங்கள். இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பில்லை என்று குறை சொன்னார்கள். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குறை சொல்லுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே!

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்களே மீதியைச் சொல்லி, அதற்குக் கோபமும் பட்டுவிடுவீர்கள். அதனால்தான் இதை எழுதி, நாளை கத்தாருக்குத் திரும்புகிற தமிழ்ச்செல்வன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே முறுக்கும் இருக்கிறது. முறுக்கை ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள், கடிதத்தைத் தனியாகப் படியுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாலத்தீவிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருவதால், நர்சுகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? பாடம் எடுக்கும் ஹுமேரா என்னைவிடச் சின்னப் பெண், உக்கடத்துக்காரி. ஒரு காரியம் எப்போது, எதனால், எந்த நிபந்தனையில் நடக்கும் என்று சொல்கிற வாக்கியத் துண்டுக்கு அட்வெர்பியல் கிளாஸ் என்று பெயராம். பிகாஸ் எனக்கு உடனே வந்துவிட்டது. பொள்ளாச்சி பஸ் லேட்டானால் மேட்ரனிடம் தினமும் சொல்வதுதானே! ‘இருந்தாலும்’ என்கிற ஆல்தோவும் வந்துவிட்டது. உங்களோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அது வராமல் இருக்குமா? ‘இப்படி நடந்தால்’ என்கிற இஃப் மட்டும்தான் வாயில் வரவே இல்லை.

ஹுமேரா காய்ச்சல்காரக் குழந்தையின் அம்மாவாக நடித்தாள். வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனால் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். நானோ சிரித்துக்கொண்டே, ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பிவைத்துவிட்டேன். நாம் அப்படித்தானே பேசுவோம்? வலிப்பு வந்தால் என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஹுமேரா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, உங்க மரியாதை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா எப்பத் திரும்ப வரோணும்னு தெரியாமலே அந்தம்மா ஊட்டுக்குப் போயிருச்சுங்களே” என்றாள். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரம்தான் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பார்க்க உறவெல்லாம் வந்திருந்தது. நான் அத்தையிடம், குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கருப்புசாமி அண்ணன் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னேன். சொன்னது விளக்கு வைக்கும் நேரம். நான் சொல்லி முடிக்கவும் சுவரில் பல்லி கத்தவும் சரியாக இருந்தது.

உங்கள் காங்கேயத்துப் பெரியம்மா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! அத்தைக்கு மிளகாய், உப்பு சுற்றிப் போட்டார்கள். அடுத்து உங்களுக்குப் போன் போட்டார்கள். நீங்கள் எனக்குப் போட்டு, “எங்கம்மாவச் சாவடிக்கப் பாக்கறயா?” என்று கேட்டீர்கள். அந்த வார்த்தையை நான் இன்னும் விழுங்கவில்லை. விழுங்கிவிடுவேன், அவசரமில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மாமா. என் வாயாலேயே ஏதாவது வந்துவிடுமோ என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

வியாழக்கிழமை அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. நான் வார்டில் இருந்தேன். அத்தை சேலை மாற்றி, தலை சீவி, எனக்கு ஒரு டப்பாவில் தக்காளி சாதமும் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார்கள். நடுக்கத்தோடு வாட்ச்மேனிடம், “ஏனுங்க, எம்மருமக வேலையா இருப்பாளுங்க, தொந்தரவு பண்ண வேண்டாமுங்க. கண்ணு மட்டும் மஞ்சளா இருக்குதுன்னு சொல்லிருங்க” என்றார்களாம். நான் படியில் ஓடி வந்ததில் ஒரு செருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

பித்தக்குழாயில் ஒரு கல் தங்கி அடைத்து, கிருமி பிடித்திருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்கும் கூட்டி வந்துவிட்டேன். டாக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. அவரும் நம் ஊர்க்காரர்தான்.

தலைவலி வந்தால்கூட வாய் திறக்காத அத்தை எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். “நீ சொன்னப்பக் கோவமாத்தான் இருந்துச்சு கண்ணு. கண்ணாடியில பாத்ததும் நீ சொன்னதுதான் நெனப்பு வந்துச்சு. பல்லியும் சொல்லிருச்சு. ரெண்டு பேரு சொன்னாக் கேக்கோணுமல்ல?” என்றார்கள். பெரியம்மா மட்டும், பல்லி கத்தியதால்தான் காய்ச்சலே வந்தது என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அத்தை பிழைத்துவிட்டார்கள், எனக்கு அது போதும்.

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வெயிலில் தலை சுற்றினால், வேர்ப்பது நின்றால், உடனே நிழலுக்கு வந்து ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று இனிமேல் எழுத மாட்டேன்.

லீவு கிடைத்தால் வருகிறேன் என்று நீங்கள் சொல்வதை அத்தையிடம் சொன்னேன். “இதையும் எழுது அம்மணி. நான் போனதுக்கப்புறம் பிளேன் புடிச்சு ஓடியாரதுக்கு, நான் இருக்கறப்பவே வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகச் சொல்லு” என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நான்தான் சுவரைப் பார்த்தேன். பல்லி அங்கேதான் இருந்தது, கத்தவில்லை.

வந்துவிடுங்கள், மாமா.

உங்கள் நலத்துக்குப் பிள்ளையாரை வேண்டும்,
பிரியா.