நஞ்சையில் சூளை கூடாது

பம்பாய்,
20-6-1961

அன்புள்ள அப்பாவுக்கு,

வீரமலையின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று செங்கல் சூளைக்காரரின் ஆள் லால்குடியிலிருந்து எங்கள் மில் வாசலுக்கே வந்துவிட்டார். நம் வயலை விற்க என் கையெழுத்தும் வேண்டுமாம்; விற்பனைப் பத்திரத்தை நீட்டினார்.

"பக்கத்து வயல்காரங்க எல்லாம் சம்மதிச்சுட்டாங்க. நீங்கதான் பாக்கி" என்றார்.

"நஞ்சையில சூளை கூடாதுன்னு எங்க பஞ்சாயத்து தீர்மானம் போட்டிருக்கே, தெரியாதா?"

"அது வெறும் காகிதங்க" என்று சிரித்தார்.

"இதுவும் காகிதந்தாங்க" என்று பத்திரத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவர் அங்கே வந்து மிரட்டினால் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லுங்கள். குறுவை நடவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மில் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். நட்ட வயலில் எவன் மண்வெட்டி வைக்கிறான், பார்த்துவிடலாம்.

உங்கள் மகன்,
வீரமலை