இருபதுக்குப் பதினேழு

அன்பு மகளுக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இதற்குள் மூன்று தாள் கிழித்தாயிற்று.

நேற்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இயற்பியல் செய்முறை நோட்டை நான்கு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள். "அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருந்தோம் சார்" என்றாள். வாங்கித் திருத்தி மதிப்பெண் போட்டேன். பக்கத்து மேசை வேதியியல் டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "லேட்டா வந்தா சைபர்னு சொல்வீங்களே சார். சொந்தப் பொண்ணுக்கே போட்டீங்க."

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன வருடம் அம்மாவின் ஆபரேஷனுக்கு நீதான் கூட இருந்தாய். நான் தேர்வுப் பணிக்குப் போய்விட்டேன். மகளுக்குச் சலுகை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, அதனால் தாமதமாக வந்த உன் நோட்டைத் திறக்காமலே பூஜ்யம் போட்டேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

இன்று அலுவலகத்தில் மாற்ற முடியுமா என்று கேட்டேன். "போன வருஷத்துப் பதிவேட்ட மூடியாச்சு சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் எழுத்தர்.

அதனால் உன் நோட்டைத் தேடியெடுத்து, முதல் பக்கத்திலிருந்து திருத்தினேன். இருபதுக்குப் பதினேழு. ஊசல் சோதனை வரைபடத்துக்குத் தலைப்பு இல்லை, அச்சுகளில் அலகும் எழுதவில்லை. அதற்கு மூன்று குறைத்திருக்கிறேன். நோட்டை இத்துடன் அனுப்புகிறேன்.

மூன்று அதிகம் என்று தோன்றினால் கூப்பிட்டுச் சண்டை போடு.

அப்பா