அமைதிச் சங்கமும் என் அத்தையும்

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம். கலைஞர்களை நாடுவிட்டு நாடு அனுப்பி உலக அமைதியை வளர்ப்பது எங்கள் சங்கத்தின் வேலை. அதன் தலைவரும் செயலாளரும் போன வருடக் குழுப்படத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று வந்த தகராறு. "அவர்கிட்ட சொல்லுங்க, மேடைக்கு ரெண்டு மைக் போதும்னு" என்றார் தலைவர். அந்த 'அவர்' இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். சொன்னேன். நான் சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர்தானே.

வீட்டிலும் இதே கதைதான். மாமா இறந்துபோனதிலிருந்து எட்டு மாதமாக அத்தை, என் மாமியார், என்னிடம் பேசுவதில்லை. எல்லாம் என் வீட்டுக்காரர் வழியாக. "உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லு." "நாளைக்குச் சரி பண்றேன்னு சொல்லுங்க." இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

மார்ச் 5, புதன்

சனிக்கிழமை எட்டு நாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அக்கார்டியன் வாசிக்கும் ஒரு அம்மாவைத் தங்கவைப்பதாகச் சொன்ன குடும்பத்தில் குழந்தைக்கு அம்மை. தலைவர் என்னைப் பார்த்தார். "உங்க வீட்லயே வெச்சுக்கலாமே. அமைதியான குடும்பம்."

அமைதிதான். குண்டூசி விழுந்தால் கேட்கும்.

இவர் மூலமாக அத்தையிடம் கேட்டேன். "வரட்டுமாம். வீட்ல பேச ஒரு ஆளாவது இருக்கும்னு சொல்லச் சொன்னாங்க." அதில் எந்தப் பாதி எனக்கு?

மார்ச் 8, சனி

வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். வாசல் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது கொஞ்சம் ஓட்டை ஆங்கிலம். அத்தைக்கு அதுவும் கிடையாது. பெட்டியைக் கீழே வைத்ததும் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்ன இது, மூச்சு முட்டுது!" என்று அத்தை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சொன்னது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் வேலையாக வெளியூர் போய்விட்டார், ஒரு வாரம். இனி உப்பைப் பற்றி யார் யாரிடம் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

வழி பிறந்துவிட்டது. அத்தை விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். முடிவில், எந்தப் பக்கமும் பார்க்காமல், "சொல்லு" என்கிறார். எட்டு மாதத்தில் எனக்கென்று கிடைத்த முதல் சொல்.

இன்று மொட்டைமாடியில்: "என் மருமக துணிய உதறவே மாட்டா. அப்படியே கசங்கலாக் காயப்போடுவா. சொல்லு."

நான் துணி துவைப்பதில் கெட்டிக்காரி என்று மாற்றிச் சொன்னேன். அந்த அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. "அவங்க முகம் அப்படிச் சொல்லலையே" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒழுங்காக மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றி மொத்தம் பதினொரு புகார், ஒரு சொல் விடாமல். தொழில் சுத்தம்.

மார்ச் 13, வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாலு மணித் தேநீர். அந்த அம்மா சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் காட்டி யார் என்று கேட்டார். அத்தை சொன்னார், நான் மாற்றிக்கொண்டே வந்தேன். தபால்காரர். முப்பத்தேழு வருடத் தாம்பத்தியம். ஆஸ்பத்திரியில் ஆறு நாள்.

"இவ அப்ப இங்க இல்ல. அமைதி மாநாடுன்னு விமானம் ஏறிட்டா. சொல்லு."

சொன்னேன்.

"அவர் ரெண்டு தடவ கேட்டார், மருமக வந்தாச்சான்னு. வந்துட்டே இருக்கான்னு ரெண்டு தடவையும் சொன்னேன். அவர்கிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அதையும் இவளுக்காகச் சொன்னேன். சொல்லு."

கேட்டாரா? என்னையா? — இத யாருமே எங்கிட்ட சொல்லலையே. இவருக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலையா?

"சொல்லு" என்றார் அத்தை மறுபடியும். எப்படியோ சொல்லி முடித்தேன். முடித்தும் நிறுத்த முடியவில்லை. ஆங்கிலத்திலேயே கொட்டினேன். மாமாதான் என்னைப் போகச் சொன்னார். கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி சொன்னார். அதை நம்பித்தான் போனேன்.

"என்ன சொல்றா?" என்று அத்தை அந்த அம்மாவைக் கேட்டார். தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. என் இரண்டு தோளையும் பிடித்து, நாற்காலியைத் திருப்புவது போல என்னை அத்தையின் பக்கம் திருப்பி வைத்தார். "எனக்கு உங்க பாஷை வராது. நீயே சொல்லு."

சொன்னேன். "மாமா 'நீ போய்ட்டு வாம்மா, நான் எங்க போயிடப் போறேன்'னு சொன்னார் அத்தை."

அத்தை தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆடை படர்ந்துவிட்டது.

"எங்கிட்டயும் அதேதான் சொன்னார்" என்றார் கடைசியில். "ஆறாம் நாள் சாயங்காலம். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு, நான் எங்க போயிடப் போறேன்னு. நம்பி வந்து படுத்தேன். நானும் பக்கத்துல இல்லடி."

நான் அழுதேன். அத்தை அழவில்லை. "போய் முகத்தக் கழுவு" என்றார். என்னிடம். நேராக.

மார்ச் 14, வெள்ளி

ஆண்டறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: 'உருவான நட்புறவுகள், எண்ணிக்கை.' தலைவர் நாற்பது போடச் சொன்னார். செயலாளர் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று போட்டுக் கொடுத்தேன். இருவருக்கும் கோபம், இருவருக்கும் என்மேல்தான். ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

இவர் வந்தார். மாமா என்னைக் கேட்டது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். "சொன்னா நீ உடைஞ்சுபோவேன்னுதான்..." உப்பு, புளி என்று ஒன்று விடாமல் சுமந்த மனுஷன் இதை மட்டும் சுமந்து வரவில்லை. இரண்டு நாளைக்கு இவரோடு பேசுவதாக இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

அக்கார்டியன் அம்மா கிளம்பினார். வழியனுப்பு விழாவில் தலைவர், செயலாளர் இருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். குழுப்படத்தில் நடு நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 29, சனி

காலையில் நல்ல மழை. ஜன்னல் திறந்து கிடந்து, விருந்தாளி அறை மெத்தை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஊர் உலகத்துக்கெல்லாம் கதவத் திறந்து வெக்கறவளுக்கு ஒரு ஜன்னலச் சாத்தத் தெரியாதா?"

"நீங்கதானே அத்தை காத்து வரலைன்னு திறந்தீங்க!"

"நானா? நான் அந்த ரூம் பக்கமே போகல."

"போனீங்க. உங்க சீப்பு அங்கதான் கிடக்கு, பாருங்க."

விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனம் இல்லை. மழை விட்டது. மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு காயப்போட மாடிப்படி ஏறும்போதும் சண்டை ஓயவில்லை. சத்தம் கேட்டு இவர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "என்னம்மா, அவகிட்ட என்ன சொல்லணும்?"

"நீ போடா. நாங்க பேசிட்டிருக்கோம்."

என் முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார் அத்தை. உயர்த்தினேன், வாயை மட்டும் மூடவில்லை.